சென்னை காலடிப்பேட்டையிலிருந்து விசாகப்பட்டினம்: வீடு மாத்துறோம், அம்மாவைக் கார்ல கூட்டிட்டுப் போகலாமா?

#1 காலடிப்பேட்டை மகள்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாத்தல் வந்திருக்கு. மே கடைசி வாரத்துல கிளம்பணும். நாங்க ரெண்டு பேர், ஏழாவது முடிச்ச பொண்ணு, எங்க அம்மா. அம்மாவுக்கு 71 வயசு. ரெண்டு முட்டியும் வலி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறாங்க. காசிமேட்டுல நாப்பது வருஷம் மீன் வித்தவங்க. அதிகபட்சம் அவங்க போன தூரம் திருப்பதியும் வேளாங்கண்ணியும்தான்.

சாமான எப்படி அனுப்பறதுன்னு ஒரு குழப்பம். எங்க தெருவுல ஆட்டோ வந்தாலே எதிர்ல வர்றவங்க வாசப்படி ஏறி நிக்கணும், லாரி எங்க வரும்? கார் எட்டு வருஷ வண்டி, டிஎன் 03 நம்பர். அத ஓட்டிட்டே போயிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார்.

ஆனா பெரிய கவலை அம்மாதான். என் தம்பி, "நான் அம்மாவ ஏசி ரயில்ல படுக்க வெச்சு கூட்டிட்டு வந்துடறேன், நீங்க கார்ல வாங்க"ன்றான். அம்மா கார்லதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஏன்மான்னு கேட்டேன். "ராத்திரி ரயில்ல ஏறிப் படுத்தா விடிஞ்சா வேற ஊரு. எந்தப் பக்கமா வந்தேன்னே தெரியாது. திரும்பி வரணும்னா எனக்கு வழி தெரிய வேணாமா?"ன்னாங்க. அத கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 பெரம்பூர் பாசஞ்சர்

ரயில்வேல 34 வருஷம் இருந்தவன் சொல்றேம்மா, ரயில்தான். ரோடு வழியா 800 கிலோமீட்டர் பக்கம் வரும். மே மாசம் நெல்லூர்லேர்ந்து விஜயவாடா வரைக்கும் அனல் காத்து. ரயில்ல ஒரு ராத்திரி, அவ்வளவுதான். 45 வயசுக்கு மேல இருக்கற பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கு. முன்கூட்டியே போட்டா கிடைக்கும். படுக்கலாம், பக்கத்துலயே கழிவறை. கார்ல முட்டிவலியோட பதினாறு மணி நேரம் மடக்கி உக்காருறது வேண்டாம். அவங்க ஆசைய நான் குறைச்சுப் பேசல. உடம்பு முக்கியம்.

ஸ்கூட்டர் இருந்தா அதையும் ரயில் பார்சல்ல போட்டுடுங்க. பெட்ரோல சுத்தமா வடிச்சுட்டு, சாக்கு சுத்தி, ஆர்.சி. நகலோட கொண்டு போகணும்.

#3 மாதவரம் லாரி

சகோதரி, சாமான் விஷயத்த நான் சொல்றேன். இருபது வருஷமா இதே தொழில்தான். நாம வடசென்னையில இருக்கறது இதுல பெரிய வசதி. ஆந்திராவுலேர்ந்து அரிசி, மிளகாய் ஏத்திட்டு வர்ற வண்டியெல்லாம் செங்குன்றத்துலயும் மாதவரத்துலயும்தான் இறக்குது. இறக்கிட்டு ரிட்டர்ன் லோடுக்குக் காத்துட்டு நிக்கும். அந்த வண்டிய நேரா புடிச்சா, புதுசா ஒரு வண்டிய போக வர வாடகை பேசி எடுக்கறதவிட நல்லாவே கம்மியாகும். உங்க வீட்டுக்கு 14 அடி வண்டி தாராளம்.

தெருவுக்குள்ள லாரி வராதுன்னு கவலப்படாதீங்க. மீன்பாடி வண்டி (மூணு சக்கர சரக்கு வண்டி) ரெண்டு பேசுங்க. வீட்டுலேர்ந்து டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வரைக்கும் அவங்க நடை அடிப்பாங்க, அங்க லாரி நிக்கும். பகல்ல கனரக வண்டிக்குத் தடை, அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல ஏத்தற மாதிரி வெச்சுக்குங்க.

பார்ட் லோடு போடாதீங்க. வேற யாரோட சாமானும் சேர்ந்து போனா நடுவுல எங்கயாவது குடோன்ல இறக்கி ஏத்துவாங்க. உடையறது அங்கதான். ஏத்தற ஒவ்வொரு கட்டுக்கும் நம்பர் போட்டு, எதுல என்ன இருக்குன்னு நோட்டுல எழுதி, டிரைவர்கிட்ட ஒரு நகல் குடுங்க. வீட்டுல புழங்கின சாமானுக்கு, சரக்கு கொண்டு போறதுக்கான இ-வே பில் வேண்டாம், விலக்கு இருக்கு. ஆனா வழியில நிறுத்திக் கேட்டா காட்டறதுக்கு அந்த லிஸ்ட்டும் மாத்தல் ஆர்டர் நகலும் கையில இருந்தா பேச்சு வளராது.

ஃப்ரிட்ஜ ஒரு நாள் முன்னாடியே அணைச்சு ஐஸ் கரைய விடுங்க. நிக்க வெச்சுத்தான் ஏத்தணும். யாராவது படுக்கப் போட்டா சண்ட போடுங்க. கேஸ் சிலிண்டர லாரியில ஏத்தவே கூடாது.

#4 கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, மாதவரம் அண்ணன் சொன்னத அப்படியே கேளுங்க. நான் 2019ல புனே போனேன். இணையத்துல பாத்து ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் பாதி பணம் குடுத்தேன். பேர் சொல்ல விரும்பல. வண்டி கிளம்பின மறுநாள் போன்: "சாமான் எடை கூட இருக்கு, இன்னும் 18,000 போடுங்க, இல்லன்னா வண்டி நகராது." என் சாமான் எங்க நிக்குதுன்னே எனக்குத் தெரியாது. கைக்குழந்தையோட காலி வீட்டுல பாய் கூட இல்லாம அஞ்சு நாள் இருந்தோம். கடைசியில பணம் கட்டித்தான் மீட்டேன்.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டத சொல்றேன். எல்.ஆர். (லாரிக்காரங்க தர்ற சரக்கு ரசீது) இல்லாம சாமான் ஏத்தாதீங்க. அதுல வண்டி நம்பர், மொத்த வாடகை, கட்டு எண்ணிக்கை, சாமானோட மதிப்பு எல்லாம் இருக்கணும். மதிப்ப ஏன் எழுதணும்னா, 2007 வருஷத்து சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, மதிப்பு குறிக்காத சரக்கு தொலைஞ்சா வாடகையில பத்து மடங்கு வரைக்கும்தான் அவங்க பொறுப்பு. நஷ்டம்னா 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். அடாவடி பண்ணா நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டத்துக்கு அப்புறம் நாம இருக்கற ஊர்லயே வழக்கு போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டியதில்ல. எனக்கு அப்ப இதெல்லாம் சொல்ல ஆளில்ல.

#5 காலடிப்பேட்டை மகள்

தம்பி, படிக்கவே வயிறு கலங்குது. அஞ்சு நாள் குழந்தைய வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிச்சீங்களோ. மாதவரம் அண்ணே, ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை செங்குன்றம் போய் விசாரிக்கறோம். அம்மா விஷயத்துக்கு இன்னும் யாராவது சொல்லுங்களேன்.

#6 தங்கசாலை வாத்தியார்

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள் அம்மா. அங்கே போன பிறகு இதற்காக ஒருவர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மகளின் மாற்றுச் சான்றிதழ்: வேறு மாநிலம் போவதால் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். பள்ளி விடுமுறை விடுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். எரிவாயு இணைப்புக்கு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். புது ஊரில் அதைக் காட்டித்தான் இணைப்பு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கேயும் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு அதில் 2020 அக்டோபரில் சேர்ந்தது.

கார்: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சான்றும் வேண்டும். அங்கே புதிதாக வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள்கால வரியில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம்.

உங்கள் தாயாரிடம் ஒன்று சொல்லுங்கள். 1953 அக்டோபர் 1 வரைக்கும் விசாகப்பட்டினமும் நம் சென்னையும் ஒரே மாநிலம். என் தகப்பனார் துறைமுகத்தில் கூலியாக இருந்தபோது கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். காசிமேட்டில் நாற்பது வருடம் வியாபாரம் செய்தவருக்குத் தெலுங்கு காதில் விழாமலா இருந்திருக்கும்?

#7 நர்ஸ் அக்கா

பெரம்பூர் சார் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா கார்ல கூட்டிட்டுப் போகவே முடியாதுன்னு இல்ல. ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைச்சா மட்டும் வேண்டாம். ரெண்டு நாளா பிரிச்சுக்குங்க.

முன் சீட்டு அம்மாவுக்கு. பின்னாடி தள்ளி, காலுக்குக் கீழ சின்ன மணை ஒண்ணு வெச்சா முட்டி தொங்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் இறக்கி அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க. ரொம்ப நேரம் அசையாம உக்காந்தா கெண்டைக்கால்ல ரத்தம் உறைஞ்சுடலாம். வண்டியில இருக்கும்போதும் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க.

இதைச் சொல்ல நிறைய பேர் கூச்சப்படுவாங்க, நான் சொல்லிடறேன். வயசான பொம்பளைங்க பயணம்னா முந்தின ராத்திரியிலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. வழியில ஒதுங்க இடம் கிடைக்காதுன்ற பயம். மே மாசம் அது ஆபத்து. முட்டிவலிக்காரங்களால கீழ குந்தவும் முடியாது. மடக்கற கமோடு நாற்காலி ஒண்ணு டிக்கியில போட்டுக்குங்க. ஓட்டல்லயோ பங்க்லயோ எந்தக் கழிவறையா இருந்தாலும் அத உள்ள வெச்சுக்கலாம். இது இருக்குன்னு அம்மாகிட்ட முன்னாடியே காட்டிடுங்க. அப்பதான் தண்ணி குடிப்பாங்க.

சர்க்கரை மாத்திரை போட்டுட்டு சாப்பாடு தள்ளிப் போகக் கூடாது. குளுக்கோமீட்டர் கைப்பையில இருக்கட்டும். மயக்கம், வேர்வை, கை நடுக்கம்னா உடனே பாருங்க. 70க்குக் கீழ இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணில கலந்து குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறலன்னா இன்னொரு தடவை குடுங்க. கிளம்பறதுக்கு முன்ன அவங்க டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க.

#8 காஜுவாக்கா தமிழன்

நான் வியாசர்பாடி. பதினோரு வருஷமா விசாகப்பட்டினத்துல, காஜுவாக்கா பகுதியில இருக்கேன். வருஷத்துக்கு மூணு தடவ இந்த ரோட்டுல வந்து போறவன். வாங்க, நல்ல ஊரு.

வழி ரொம்ப சுலபம். 16ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, நம்ம பழைய ஜி.என்.டி. ரோடுதான். நெல்லூர், ஓங்கோல், சிலகலூரிப்பேட்டை, குண்டூர், விஜயவாடா, ஏலூரு, ராஜமுந்திரி, துனி, அனகாபள்ளி. கஷ்டமெல்லாம் முதல் 40 கிலோமீட்டர்தான். திருவொற்றியூர்லேர்ந்து பொன்னேரி வழியா பஞ்செட்டி போற டிபிபி ரோடு கிட்டன்னு யாராவது சொல்வாங்க. காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போற கண்டெய்னர் முழுக்க அதுலதான். காலையில நாலு மணிக்குள்ள மணலி வழியா மாதவரம் ரவுண்டானா புடிச்சு செங்குன்றம் தாண்டிடுங்க.

மாநில எல்லையில இருக்கற ஆரம்பாக்கம் தாண்டறதுக்குள்ள ஃபுல் டேங்க் போடுங்க. ஆந்திராவுல பெட்ரோல் விலை நம்மளவிட அதிகம். ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு பாத்துக்குங்க. அடிக்கடி வந்து போற எண்ணம் இருந்தா வருஷ பாஸ் எடுத்துடுங்க. 2025 ஆகஸ்ட் 15ல 3,000 ரூபாய்க்கு ஆரம்பிச்சாங்க, 200 தடவை டோல் தாண்டலாம். வழியில வண்டி நின்னா நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடிங்க.

மே மாசம்ன்றது ஒரு வகையில நல்லது. இதே வேலை நவம்பர்ல வந்திருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். 2021 நவம்பர்ல பெண்ணாத்துல வெள்ளம் வந்து நெல்லூர்கிட்ட இந்த ரோடே அறுத்துக்கிச்சு.

#9 பெரம்பூர் பாசஞ்சர்

எல்லாரும் கார்னு சொல்றீங்க. பகல் ஒரு மணி வெயில்ல ஏசி நின்னா என்ன பண்றது? என் சம்சாரத்த 2016ல இப்படித்தான் கார்ல கூட்டிட்டுப் போய், பாதி வழியில ஆஸ்பத்திரியில சேர்த்தேன். அதனாலதான் சொல்றேன். கோபமில்ல.

#10 காலடிப்பேட்டை மகள்

சார், நீங்க சொன்னத வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். அம்மாவும் கேட்டாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த ஐயா சொல்றது சரி. நீங்க சொல்ற எடத்துல இறங்கறேன், சொன்னத குடிக்கறேன், படுன்னா படுக்கறேன். ஆனா பாத்துட்டுத்தான் வருவேன்"னாங்க. கார்லதான் போறோம். பகல் 12லேர்ந்து 4 வரைக்கும் ஓட்டறதில்லன்னு முடிவு. ஏசி, ரேடியேட்டர் எல்லாம் மெக்கானிக்கிட்ட காட்டியாச்சு. குண்டூர் தாண்டி விஜயவாடாவுல ராத்தங்கல்.

#11 காலடிப்பேட்டை மகள்

ஓங்கோல் தாண்டி டீக்கடையில இருக்கோம். மணி 10.40. அம்மா நல்லா இருக்காங்க. லாரி நேத்து ராத்திரி 11.30க்கு கிளம்பிடுச்சு, மொத்தம் 61 கட்டு. மத்தது அப்புறம் எழுதறேன்.

#12 மாதவரம் லாரி

நல்லபடியா போங்க. டிரைவர்கிட்ட பேசினேன், அவர் ராஜுபாலம் பக்கம் தூங்கறார்.

#13 காலடிப்பேட்டை மகள்

வந்து சேர்ந்து அஞ்சு நாள் ஆச்சு. ஒவ்வொருத்தரும் அவங்க வீட்டு வேலையா நினைச்சு வழி சொன்னீங்க, அதனால முழுசா எழுதறேன்.

மீன்பாடி வண்டிக்காரங்க ரெண்டு பேரும் அம்மாவுக்குத் தெரிஞ்ச பசங்க. மார்க்கெட்டுலேர்ந்து அம்மா கூடைய ஏத்தி வந்தவங்களோட பிள்ளைங்க. ஒம்போது நடை அடிச்சுட்டு கூலி வாங்க மாட்டேன்னுட்டாங்க. கையில திணிச்சோம். அம்மா பாத்திரமெல்லாம் தானே ஒரு பெட்டியில அடுக்கினாங்க. பித்தளை அண்டாவுல பாட்டி பேரும் தேதியும் வெட்டியிருக்கும். அத மட்டும் விரலால தடவிப் பாத்துட்டுத்தான் வைக்கோல் சுத்தினாங்க. அருவாமனைய லாரியில விடல. பழைய புடவையில சுத்தி, சணல் கயிறு கட்டி, கார்ல தன் சீட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டாங்க. நாப்பது வருஷம் தேய்ஞ்சு அலகு பாதி அகலம்தான் இருக்கு.

காலையில 3.40க்கு கிளம்பினோம். மணலி தாண்டும்போது சுத்திகரிப்பு ஆலைத் தீ எரிஞ்சுட்டு இருந்துச்சு. அம்மா அது மறையற வரைக்கும் திரும்பிப் பாத்துட்டே வந்தாங்க. காரனோடை பாலத்துல, "இது என்ன ஆறு?"ன்னாங்க. கொசஸ்தலைன்னு சொன்னேன். "நம்ம எண்ணூர் முகத்துவாரத்துல வந்து விழற தண்ணியா?"ன்னு கேட்டாங்க. அதுலேர்ந்து வழி முழுக்க ஒவ்வொரு பாலத்துலயும் அதே கேள்வி. என் பொண்ணு நோட்டு எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டா. கொசஸ்தலை, நாயுடுபேட்டையில சுவர்ணமுகி, நெல்லூர்ல பெண்ணாறு, ஓங்கோல் தாண்டி குண்டலகம்மா. பேர் தெரியாத இடத்துல காரை நிறுத்தி டீக்கடையில கேட்டோம். அம்மா கேட்டது தெலுங்குல. வாத்தியார் ஐயா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கே தெரியாது அம்மாவுக்கு அவ்வளவு தெலுங்கு வரும்னு. ஏலத்துல கத்துக்கிட்டதாம்.

பெரம்பூர் சார், நீங்க பயந்தது நடந்துச்சு. மறைக்க மாட்டேன். சிலகலூரிப்பேட்டைக்கு முன்னாடி ஒரு லாரி கவுந்து முக்கால் மணி நேரம் வண்டி நகரல. காலை மாத்திரை போட்டாச்சு, மதியச் சாப்பாடு தள்ளிப் போச்சு. அம்மா பேச்சு குளறின மாதிரி இருந்துச்சு, நெத்தியெல்லாம் வேர்வை. குத்திப் பாத்தா 58. எனக்குக் கை கால் ஓடல. நர்ஸ் அக்கா எழுதினத பொண்ணு போன்ல எடுத்து சத்தமா படிச்சா. குளுக்கோஸ் குடுத்தோம். 15 நிமிஷம் கழிச்சு 74. மறுபடி கொஞ்சம் குடுத்து, கையில இருந்த தயிர்சாதம் நாலு வாய் ஊட்டினேன். அப்புறம் 102. அந்த 15 நிமிஷம் மாதிரி நீளமான நேரம் என் வாழ்க்கையில இல்ல. இது மாதிரி போறவங்க சாப்பாட்ட ஓட்டல நம்பி வைக்காதீங்க, மடியில இருக்கணும்.

விஜயவாடா வரைக்கும் போகல. குண்டூர்லயே லிப்ட் இருக்கற லாட்ஜ் பாத்து அம்மாவ படுக்க வெச்சோம். நான் தம்பிக்குப் போன் போட்டு, "விஜயவாடாவுக்கு வந்துடு, அம்மாவ இங்கேர்ந்து ரயில்ல கூட்டிட்டுப் போ"ன்னேன். அம்மா கேட்டுட்டே இருந்தாங்க. போன வாங்கி, "வராதடா. இன்னும் கிருஷ்ணா, கோதாவரி பாக்கி இருக்கு"ன்னாங்க. டாக்டர்கிட்ட போன்ல கேட்டோம். மறுநாள் காலைக்கு மாத்திரை அளவு மாத்திச் சொன்னார். ராத்திரி ரெண்டு தடவை பாத்தோம், சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கார்லயே போலாம்னு ஒத்துக்கிட்டேன்.

விடியற நேரம் கிருஷ்ணா. பாலத்துல வண்டிய நிறுத்த முடியாது, மெதுவா உருட்டிட்டுப் போனோம். கோதாவரிய ரெண்டு தடவை தாண்டறோம்: சித்தாந்தம்ன்ற ஊர்ல வசிஷ்டா கிளை, ராவுலபாலத்துல கௌதமி கிளை. கௌதமிப் பாலம் முடியவே முடியல. அம்மா கண்ணாடிய இறக்கி, ஒரு ரூபாய்க் காசு வீசினாங்க. கடியம் பக்கம் ரோட்டோரம் முழுக்க செடி நர்சரி. அஞ்சாறு வகை குரோட்டன்ஸ் வாங்கி பொண்ணு கால்மாட்டுல வெச்சுக்கிட்டா. அன்னவரத்துல சத்தியநாராயண சாமி பிரசாதம் ரோட்டுலயே கிடைக்குது. இலையில மடிச்ச கோதுமை ரவை, நெய் வழியுது. அம்மாவுக்கு ஒரு விரல் நக்கத்தான் குடுத்தோம். மத்தியானம் 2.15க்கு வீடு. லாரி காலையிலேயே வந்து காஜுவாக்காவுல நின்னுச்சு. 61 கட்டும் வந்துச்சு. ஒரு ஊறுகாய் ஜாடி மட்டும் விரிசல்.

நேத்து காஜுவாக்கா தமிழன் அண்ணனும் அவர் வீட்டம்மாவும் வந்து எங்கள மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பாட்டி வஞ்சிரத்த அடுக்கி வெச்சு "வஞ்சரம், வஞ்சரம்"னு கூவுது. அம்மா அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் போய் செவுள தூக்கிப் பாத்து, "நேத்து மீனு"ன்னு தெலுங்குல சொன்னாங்க. அந்தப் பாட்டி முறைச்சுது. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே கூடைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க.

ஆத்துப் பேர் எழுதின நோட்டுத்தாள கிழிச்சு அம்மா தன் சுருக்குப்பையில வெச்சிருக்காங்க. அவங்களுக்குப் படிக்க வராது. ராத்திரி படுக்கும்போது பொண்ணு கடைசிலேர்ந்து முதல் வரைக்கும் தலைகீழா சொல்லித் தரா. ரெண்டு நாளா தப்பில்லாம சொல்றாங்க.

#14 பெரம்பூர் பாசஞ்சர்

படிச்சேன்மா. ரெண்டு தடவை படிச்சேன். அந்த 58ல நெஞ்சு நின்னுடுச்சு. அம்மாவ கேட்டதா சொல்லு. அடுத்த தடவை அவங்க ஊருக்கு வரும்போது ரயில்ல பகல் வண்டியா பாத்து ஜன்னல் சீட்டு போட்டுக் குடுங்க. கோதாவரிப் பாலம் ராஜமுந்திரியில ரயில்லேர்ந்து இன்னும் நல்லாத் தெரியும்.

#15 காலடிப்பேட்டை மகள்

சார், அம்மாகிட்ட சொன்னேன். "ரயிலும் அதே ஆத்தத்தான் தாண்டுமா?"ன்னு கேக்கறாங்க. எல்லாத்தையும் தாண்டுமா, எந்த வரிசையில வரும்னு எழுதுங்களேன்.